சரணடைந்தவர்களின் அத்தியாயம்

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய அஜின்கோர்ட்டில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தில் ஞாயிறு பின்னேரங்களில் வாசிப்பு வட்டம் நடக்கும். போன வின்ரர் குளிரில், இந்த இடத்துக்குப் பெயர் தந்த போரைப் பற்றி அந்தக் காலத்தவர்கள் எழுதிவைத்ததை வாசித்தோம். அறுநூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்து அரசன் பிரெஞ்சுக்காரரை வென்ற போர்.

அன்று வாசித்தது நான். பிரெஞ்சு வீரர்கள் கையுறையைக் கழற்றிக் கொடுத்துச் சரணடைகிறார்கள். அதை வாங்கியவன் அவர்கள் உயிருக்குப் பொறுப்பு. ஆனால் மறுபடியும் தாக்குதல் வருகிறதென்று பயந்த அரசன், கைதிகளைக் கொல்லச் சொல்கிறான். அவனுடைய பிரபுக்கள் தயங்க, வில்லாளிகளை விட்டுச் செய்விக்கிறான்.

அதற்கு மேல் வாசிக்காமல் புத்தகத்தைக் கீழே வைத்தேன். என் தம்பி ஊரில் நடந்த கடைசிச் சண்டையில், சரணடைய வெள்ளைத் துணியோடு இராணுவத்திடம் நடந்து போனவன். பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

பக்கத்தில் இருந்தவர் சிங்களவர். முன்பு இராணுவத்தில் இருந்ததாக முதல் நாளே சொன்னவர். "கட்டளை வந்தால் சிப்பாய் செய்வான். இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்பான்," என்றார் ஆங்கிலத்தில்.

"நீங்கள் எதைச் செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் அங்கே இருக்கவில்லை," என்று புத்தகத்தை மூடினார்.

வெளியே கார் கதவைத் திறக்கும்போது பின்னால் அவருடைய குரல், தமிழில் கேட்டது. "அக்கா, கொஞ்சம் நில்லுங்க." ஊரில் சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் பையைத் திறக்கச் சொன்ன அதே தமிழ். கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன்.

"யாரைத் தேடுறீங்க?"

"தம்பியை. கடைசிச் சண்டையில சரணடைஞ்சவன்."

"என்கூட வேலை செஞ்ச ஒருத்தர் அங்க இருந்தார். கேட்கிறேன். பெயர் சொல்லுங்க."

அம்மா இன்னும் ஊரில் தனியாக இருக்கிறா. இவர் யாரிடம் போய் என்ன சொல்வார்? பனி காலணிக்குள் உருகிக்கொண்டிருந்தது. சொன்னேன். அவர் அந்தப் பெயரைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

வீட்டில் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "ஆரிட்டைப் பேர் குடுத்தனீர் எண்டு தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

அந்தக் கிழமை முழுக்க, ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, அவ குரல் கேட்ட பிறகுதான் மற்ற வேலை பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். "கேட்டேன். பெயரைச் சொன்னதும் அவர் ஃபோனை வச்சிட்டார். மறுபடி எடுத்தா, அந்த நம்பர் வேலை செய்யுதில்ல."

அவர் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. நான் மேசையைச் சுற்றிப் போய், அவருடைய முகம் தெரியக்கூடியதாக எதிரே இருந்தேன்.