புஸ்பவதியின்ரை தொழில்

புஸ்பவதி ஜேர்மனியிலை, டுசல்டோர்ஃபிலை பொம்பிளை வெளிக்கிடுத்துறவள். கலியாணவீடோ சாமத்தியவீடோ, சட்டை தைக்கிறதிலையிருந்து கொண்டை போட்டு நகை பூட்டுறது வரைக்கும் அவள்தான். ஆனால் தொழில் பதிஞ்சிருந்தது புருசன் நித்தியானந்தன்ரை பேரிலை. எங்கடை ஆக்களின்ரை பழக்கம் அதுதானே, கடுதாசியெண்டால் ஆம்பிளையின்ரை பேர்தான். அந்த மனுசனுக்கு இரும்புத் தொழிற்சாலையிலை முழுநேர வேலை. ஊசியிலை நூல் கோக்கவும் தெரியாது.

2006இலை வரிக் கந்தோர் கூப்பிட்டுது. அஞ்சு வருசமும் நட்டம் காட்டியிருக்கிறியள், இது தொழிலோ பொழுதுபோக்கோ எண்டு கேள்வி. பொழுதுபோக்கெண்டு முடிவெடுத்தால், அந்த நட்டத்துக்காக மனுசன்ரை சம்பளத்திலை கழிச்சுத் தந்த வரி முழுக்கத் திருப்பிக் கட்டவேணும். தையல் மெசினை வித்தாலும் காணாது. நட்டம் வராமல் என்ன செய்யும்? சொந்தக்காரரிட்டைக் காசு கேக்க ஏலாது, ஒரு சீலையைத் தந்துபோட்டுப் போயிடுவினம்.

நான் மேல்வீட்டுக்காரி. கொஞ்சம் டொச் தெரியுமெண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போச்சினம்.

கந்தோர் அம்மா நித்தியானந்தனைத்தான் கேட்டா. "ஒரு பொம்பிளையை வெளிக்கிடுத்த எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு அரை மணித்தியாலம்," எண்டுது மனுசன். எனக்கு வந்த விசருக்கு!

"உங்கடை மனைவி என்ன செய்யிறா?"

"அவ சும்மா வீட்டிலை இருக்கிறா."

அதை டொச்சிலை சொல்ல எனக்கு வாய் வரேல்லை. புஸ்பவதி என்ரை கையைப் பிடிச்சாள். "சொல்லுங்கோ அக்கா. கொண்டைக்கு மட்டும் ஒண்டரை மணித்தியாலம். சட்டைக்கு மூண்டு நாள். ஹம்பேர்க் வரைக்கும் றெயினிலை நிண்டுகொண்டு போயிருக்கிறன்." கைப்பையிலையிருந்து அளவுக் கொப்பியை எடுத்து மேசையிலை வைச்சாள். நூற்றுச்சொச்சப் பொம்பிளையளின்ரை கழுத்து, கை, இடுப்பு, கலியாணத் திகதி எல்லாம் அதிலை கிடந்தது.

அந்த அம்மா ஒவ்வொரு பக்கமா ஆறுதலாத் தட்டிப் பாத்தா. பிறகு நித்தியானந்தனை நிமிர்ந்து பாத்து, "இதிலை உங்கடை எழுத்து எது?" எண்டு கேட்டா.

மனுசன் கொப்பியைப் புஸ்பவதியின்ரை பக்கம் தள்ளிவிட்டுது. "என்ரை ஒண்டுமில்லை," எண்டுது. "தொழில் அவவின்ரை."

இது பொழுதுபோக்கில்லை எண்டு அந்த அம்மா ஒத்துக்கொண்டா. ஆனால் அஞ்சு வருச வரிக் கடுதாசியையும் புஸ்பவதியின்ரை பேரிலை திருப்பி எழுதிக் குடுக்கவேணுமாம். இனிச் சொந்தக்காரரிட்டையும் கட்டாயம் காசு வாங்கவேணுமாம். அதை ஆர் போய் மாமிமாருக்குச் சொல்லுறது?

திரும்பி வரேக்கை ட்ராமிலை அவள் கண்ணாடியிலை தலையைச் சாய்ச்சுக்கொண்டிருந்தாள். மனுசன் அந்தக் கொப்பியை மடியிலை வைச்சுப் பிடிச்சுக்கொண்டிருந்துது. "இப்ப சந்தோசம்தானேயடி?" எண்டு கேட்டன்.

"அஞ்சு வருசம் அவரின்ரை பேரிலை களைச்சனான் அக்கா," எண்டாள். "இனி என்ரை பேரிலை களைக்கப்போறன்."