முன்னுக்கு ஒரு கியர், பின்னுக்கு மூன்று

பழைய கியர் ஒயிலுக்கு ஒரு வாடை உண்டு… சூடான இரும்பும் கருகிய எண்ணெயும் கலந்த மாதிரி. இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெக்டரியில் நான் ஃபிட்டராக இருந்தபோது, அந்த வாடை என் சட்டையில் மட்டுமல்ல, சோற்றிலும் இருந்தது. பாக்கியம் முகத்தைச் சுளித்துக்கொண்டே பரிமாறுவாள்.

பாக்கியம் என் மனைவி. கொழுந்து பறிப்பவள்.

அறுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் இலேசில் கிடைக்காத காலம். தோட்ட மேனேஜரான துரை தன் பங்களாத் தோட்டத்தை உழ வைத்திருந்த குட்டி டிரக்டர், ஒருநாள் கடகடவென்று கத்திவிட்டு நின்றுபோனது. திறந்து பார்த்தால், சக்கரங்களைச் சுழற்றும் டிபரன்ஷலில் பல்லெல்லாம் பொடி.

"தூக்கிப் போடு" என்றார் துரை.

எனக்கும் என் கூட்டாளி சூசைக்கும் மனசு வரவில்லை. பள்ளத்துத் தேயிலை மலையில் பறிக்கும் கொழுந்தைப் பெண்கள்தான் சுமந்துகொண்டு, செங்குத்தான மேட்டில் ஏறி, மடுவக் கொட்டகையில் நிறுக்கக் கொடுக்க வேண்டும். இந்த வண்டி அதைச் சுமந்தால் என்ன?

எங்கள் முதல் பிள்ளை அந்த மேட்டில்தான் கலைந்துபோனது. இப்போது பாக்கியம் மறுபடியும் மாசமாக இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது… வேறென்ன சொல்ல.

துரையிடம் போய்க் கேட்டோம். அவருக்குத் தெரிந்த தமிழில் சுருக்கமாகச் சொன்னார். "சொமையோட ஏறினா வச்சிக்கோ. ஏறாட்டி இரும்புக் கடை."

ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் பழைய சாமான் கடையில், இடிபட்ட கார் ஒன்றின் டிபரன்ஷல் கிடைத்தது. சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஆட்டுத் தலையா என்று கேட்டார்.

எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் வைத்து அதைச் சுழற்றிப் பார்த்தோம். ஒரு பக்கத்து அச்சை முன்னால் திருகினால், மறுபக்கத்து அச்சு பின்னால் சுழல்கிறது! பாக்கியமும் வந்து குந்திக்கொண்டாள்.

"ஏங்க, ரெண்டு சில்லையும் ஒரே கம்பியில கோத்துவிட்டா ஆகாதா?"

"வளைவுல திரும்பயில வெளிப்பக்கத்துச் சில்லு கூடத் தூரம் ஓடணும் புள்ள. ஒண்ணாக் கட்டிப் போட்டா இழுபறிதான்."

"அப்ப ஆளுக்கொரு வேகம்… நல்லாத்தான் யோசிச்சிருக்கான்!"

குட்டி டிரக்டரில் கியர் பொக்ஸும் டிபரன்ஷலும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். காரின் பெரிய பல்சக்கரம் அதற்குள் அடங்குவேனா என்றது. வெட்டினோம், அராவினோம்… அப்படியும் ஒரு பக்கம் இடித்தது.

"திருப்பி அந்தப் பக்கமா வையேன்டா. எடம் சும்மாதானே கெடக்கு" என்றான் சூசை.

வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பரீட்சை நாள். துரை வந்தார், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா வந்தார், பெண்களும் கூடைகளோடு நின்றார்கள். வண்டியில் நாங்கள் அடித்திருந்த பலகைத் தட்டில் கொழுந்து மூட்டைகளை ஏற்றினோம். சூசை முதல் கியரைப் போட்டான்.

வண்டி பின்னால் போனது!

துரை தேயிலைச் செடிக்குள் பாய்ந்தார். இரண்டாவது கியர் போட்டான்… இன்னும் வேகமாகப் பின்னால். "இதென்னங்கடி, மூஞ்சிய இங்கிட்டு வச்சிக்கிட்டு முதுகால நடக்குது!" என்று யாரோ கத்த, மலையே சிரித்தது. பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னுக்குச் சுழலும் சில்லுகளைப் பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றி வைத்தால், சுழற்சியும் மாறத்தானே செய்யும்! முன்னுக்குப் போகிற மூன்று கியரும் இப்போது பின்னுக்கு. சூசையிடம் ஓடிச் சொன்னேன்.

"அப்ப பின்னுக்குப் போற கியரைப் போட்டா முன்னுக்குப் போகணுமேங்க?" என்றாள் பாக்கியம்.

சூசை போட்டான். ரிவர்ஸ் கியர் மெதுவானது, ஆனால் இழுப்பு அதிகம். உறுமிக்கொண்டு, நத்தை மாதிரி, அத்தனை மூட்டையோடும் வண்டி மேட்டில் ஏறியது. மேலே திருப்ப இடமில்லாத ஒடுங்கிய பாதை… திருப்புவானேன்? பின்னாலேயே விறுவிறுவென்று இறங்கி வந்துவிட்டான்.

அந்தப் பருவம் முழுக்க பாக்கியம் சுமை தூக்கவில்லை. மகள் பிறந்தாள்.

அடுத்து வந்த துரைக்கு எங்கள் வண்டி பிடிக்கவில்லை. பின்னால் ஓடும் வண்டியைப் பார்த்தால் மற்றத் துரைமார் சிரிப்பார்களாம். இரும்புக் கடைக்குப் போட்டார். கூடைகள் பழையபடி முதுகில் ஏறின.

பாக்கியம் இப்போது இல்லை. போன மாதம் மகளோடு அந்தப் பக்கம் போனேன். பங்களா ஹோட்டலாகிவிட்டது. வாசலில் பளபளவென்று கார்கள். கீழே அதே மேட்டில், பெண்கள் கொழுந்துச் சுமையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்த மகள் கேட்டாள்.

"இத்தன காருக்கு எடமிருக்கு… இவங்களுக்கு ஒரு வண்டி விட்டா என்னப்பா?"

எந்த இரும்பையும் கழற்றிப் பார்த்துக் காரணம் சொல்லிவிடுவேன். இதை எங்கே கழற்றிப் பார்ப்பேன்?