உரிமை மாற்றத்துக்கு நூறு டொலர்

வெக்ஸ்போர்ட்டில், வாகனம் திருத்தும் கடைகளுக்கும் தரைவிரிப்பு விற்பவருக்கும் நடுவே, பெயர்ப்பலகை சிறிதாகவும் கம்பிக் கதவு பெரிதாகவும் அமைந்த ஒரு துப்பாக்கிக் கடையில் ஒன்பது ஆண்டுகளாக எழுத்து வேலை பார்க்கிறேன். தெரிந்தவர்கள் கேட்டால், விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடை என்பேன். அது முழுப் பொய்யன்று. மான் வேட்டையும் களிமண் தட்டை வானில் எறிந்து சுடுவதும் நாங்கள் குடியேறிய இந்நாட்டில் விளையாட்டென்றே கொள்ளப்படுகின்றன. ஆயினும் கேட்பவர் மனத்தில் பந்தும் மட்டையும் தோன்றட்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னேன்.

சனிக்கிழமைகளில் மல்வேர்னில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். அப்பிள்ளைகளின் பெற்றோரிற் பலர் துப்பாக்கிக்கு அஞ்சி ஊரை விட்டவர்கள். சிலருடைய வீட்டுச் சுவரில், துப்பாக்கியால் மாண்ட ஒருவரின் படம் இன்றும் மாலையோடு இருக்கிறது. ரீச்சர் துவக்குக் கடையில் நிற்கிறா என்ற பேச்சு ஒரு வாரத்தில் பக்கத்து மோர்னிங்சைட் வரை போய்விடும். அதனால் வேலைக்கென நான் பெற்ற துப்பாக்கி உரிம அட்டையைக்கூட, மருத்துவ அட்டைக்குப் பின்னே மறைவாகச் செருகி வைத்திருந்தேன்.

கடையில் என் மேசை பின்பக்கம் இருக்கிறது. துப்பாக்கிகளை முதலாளி பார்த்துக்கொள்வார், தாள்கள் என்னுடையவை. என் மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். வேறொருவரிடம் வாங்கிய துப்பாக்கியை, அல்லது இறந்த தந்தையின் துப்பாக்கியை, கடை மூலமாக உரிய ஆளுக்கு மாற்றித் தர நூறு டொலரும் வரியும் எதற்கு? அரசுக்கு ஒரு தொலைபேசி அழைப்புத்தானே?

அழைப்பு ஒன்றுதான். ஆனால் துப்பாக்கி எங்கள் கதவுக்குள் வந்ததும் முதலில் கடையின் இருப்பாகப் பதிவாகும். பிறகே அடுத்தவர் பெயருக்குப் போகும். ஆகவே மாற்றம் இரண்டு. இடையில் அது எங்கள் பூட்டறையில், எங்கள் காப்புறுதியில், எங்கள் பொறுப்பில் கிடக்கும். களவு போனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். குழலில் வெடிப்பு இருந்து அடுத்தவர் கையில் சிதறினால், பார்க்கவில்லையா என்று கேட்கப்படுபவர்களும் நாங்களே. வாங்குபவரின் உரிமம் செல்லுமா என்று அரசிடம் கேட்டு, குறிப்பெண் பெற்று, அப்பதிவைப் பல்லாண்டுகள் காக்கவேண்டும். அதிகாரி வந்து ஏட்டை விரிக்கும் நாளில் ஓர் எண் தவறியிருந்தாலும் கடையின் உரிமத்துக்கே ஆபத்து. இவற்றோடு, முதலாளி வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. வேறிடத்தில் வாங்கிய துப்பாக்கியோடு வருகிறவர் எங்களிடம் வேறெதுவும் வாங்கமாட்டார். அத்தகையோர் அதிகம் வரவேண்டாம் என்பதும் அந்த நூறு டொலருக்குள் அடங்கியிருந்தது.

இவ்வளவையும் நான் எத்தனையோ பேருக்கு ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறேன். விளக்க வேண்டிய ஒரு நாளில் விளக்காதிருந்தேன்.

இரண்டாண்டுகளுக்கு முன், செப்டெம்பர் மாதத்தில் ஒரு நண்பகல், இரண்டு தமிழ்ப் பெண்கள் கடைக்கு வந்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், பூப்போட்ட போர்வையில் சுற்றிய நீண்ட பொதியொன்றை இரு கைகளிலும் ஏந்தி வந்தார். மற்றவர் அவருக்கு வழிவிட்டுக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சிலிருந்து உறவு தெரிந்தது. முன்னவர் அண்மையில் கணவரை இழந்தவர். பின்னவர் அக்கணவரின் தங்கை.

"ஐயோ மச்சாள், உதைக் குழந்தைப்பிள்ளை மாதிரி ஏந்தாதையுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

"ஓம், துவக்குக் கடைக்குள்ளை போர்வையிலை சுத்திக்கொண்டு வாறது புட்டுக்குழல் எண்டு நினைப்பினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டேன். அந்தக் கணத்திலேயே நான் வழி தவறிவிட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

வெள்ளைக்காரரான முதலாளி பொதியை அவிழ்த்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தபின், துப்பாக்கி முதலில் கடைப் பெயருக்கு மாறும் என்று சொல்லி, அவர்களை என்னிடம் அனுப்பினார். மான் வேட்டைக்கான துப்பாக்கி. பழையது, ஆனால் எண்ணெயிட்டுப் பேணப்பட்டது. மனைவி என் முன்னே அமர்ந்து, "ஹஸ்பண்ட் டெட். ஃப்ரெண்ட் கிவ்," என்றார். ஒரு துண்டுத் தாளை நீட்டினார். அதில் நண்பரின் பெயரும் உரிம எண்ணும் இருந்தன. நான் ஆங்கிலத்தில் இறப்புச் சான்றிதழைக் கேட்டேன்.

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உவ தமிழோ மச்சாள்? எங்கையோ கண்டமாதிரிக் கிடக்கு."

"தமிழெண்டால் உப்பிடி இருந்துகொண்டு இங்கிலீசிலை கதைப்பாவே? கயானாக்காரியாக்கும்."

"முகம் எங்கடை ஆக்களின்ரை மாதிரித்தான்."

"கயானாக்காரரும் அந்தக் காலத்திலை இந்தியாவிலை இருந்து போன ஆக்கள்தானே, எல்லாரும் அப்பிடித்தான். பஸ்ஸிலை ஒருக்கா நான் ஒருத்தியோடை பத்து நிமிசம் கதைச்சுப்போட்டன், அவள் பாவம் சிரிச்சுக்கொண்டே இருந்தவள்."

எங்கே கண்டிருப்பார் என்பது எனக்குத் தெரிந்தது. வகுப்பு முடியும் நேரம் வாசலில் பேத்திக்காகக் காத்து நிற்பவர்களுள் அவர் ஒருவர். என் முகத்தில் கண்ணாடி இருந்தது, வகுப்பில் நான் கண்ணாடி அணிவதில்லை, சேலை கட்டுவேன். தலையைக் குனிந்து படிவத்தை நிரப்பினேன். பிறகு கட்டணத்தைச் சொன்னேன்.

"நூறோ?" தங்கை நிமிர்ந்தார். "ஒரு ஃபோன் எடுக்கிறதுக்கு நூறு டொலரோ? அப்ப நான் கொழும்புக்கு எடுக்கிற கோலுக்கு ஆர் எனக்குத் தருவினம்?"

"நூறைப் பற்றி இல்லையடி," என்றார் மனைவி. அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அந்த வெள்ளைக்காரன் என்ன சொன்னவன்? முதல் தங்கடை கடைப் பேருக்கு மாத்துவினமாம். அவர் ஆசுப்பத்திரியிலை கிடந்து என்னட்டைக் கேட்டது இது ஒண்டுதான். துவக்கை அவனிட்டைக் குடு, வேறை ஒருத்தற்றை கைக்கும் போகக்கூடாது எண்டவர். நான் ஓம் எண்டு கையிலை அடிச்சுக் குடுத்தனான். இவை தங்கடை பேருக்கு எடுத்துப்போட்டுப் பிறகு தராட்டி நான் என்ன செய்ய?"

அவருடைய ஐயம் முழுவதும் அதுதான். அதைத் தீர்க்கத் தமிழில் இரண்டு வாக்கியங்கள் போதும். கடைப் பெயருக்குப் போவது ஏட்டில் ஓர் இடைவழி. தாளில் நண்பரின் பெயரும் உடன் இருக்கும். இன்னும் ஒன்று சொல்லியிருக்கலாம். அவருக்குக் கடையே தேவையில்லை. இறந்தவரின் உடைமைக்குப் பொறுப்பாளர் தாமே என்று ஒரு படிவத்தை அனுப்பிவிட்டு, அரசின் எண்ணுக்கு அழைத்து நண்பரின் உரிம எண்ணைக் கொடுத்தால், குறிப்பெண் கிடைத்ததும் துப்பாக்கியை நேரே அவர் கையில் கொடுக்கலாம். ஒரு சதமும் செலவில்லை.

முதலாளியின் ஊதியத்தை உண்டு அதைச் சொல்வது முறையா என்று அப்போது எண்ணினேனாக்கும் என்று பல நாட்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையன்று. முதலாளி அதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார். நான் பயந்தது அந்தத் தங்கைக்கு.

"உவையளோடை மாரடிக்கிறதை விட்டுப்போட்டுப் பொலிசுக்கு ஃபோன் அடிப்பம்," என்றார் அவர். "வீட்டை வந்து எடுப்பாங்களாம், சும்மா. அங்கை பத்திரமாய் வைச்சிருப்பாங்கள். பிறகு அண்ணையின்ரை சிநேகிதர் போய் லைசென்சைக் காட்டி எடுக்கட்டும்."

"குடுப்பாங்களோ?"

"பொலிசுக்கு என்னத்துக்கு உங்கடை துவக்கு? அவங்களிட்டை இல்லாத துவக்கோ?"

பொலிசாரிடம் ஒப்படைத்த துப்பாக்கி திரும்புவதில்லை. அது அழிக்கப்படும். இதை நான் அறிவேன். அந்த மேசையைச் சுற்றி இருந்த மூவருள் அறிந்தவள் நான் ஒருத்தியே. ஆனால் அதற்கு மறுமொழி சொன்னால், அவர்கள் பேசியது அனைத்தும் எனக்கு விளங்கியதென்று ஆகிவிடும். வந்தது முதல் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ஆகிவிடும். நேரம் செல்லச் செல்ல வாய் திறப்பது கடினமாயிற்று. முதல் நிமிடத்தில் "நான் தமிழ்தான்" என்பது சாதாரணச் சொல். பத்தாவது நிமிடத்தில் அது ஒப்புதல் வாக்குமூலம்.

மனைவி இறப்புச் சான்றிதழை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "சொரி," என்றார். என் நேரத்தை வீணாக்கியதற்காக அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்தார்.

அவர்கள் போனபின் சன்னல் வழியே பார்த்தேன். வண்டியின் பின்புறத்தைத் திறந்து, பொதியைக் கிடத்தி, அது உருளாதிருக்கப் போர்வையின் ஓரங்களை இரு பக்கமும் மடித்துச் செருகினார் அந்த அம்மா. வண்டி உடனே புறப்படவில்லை. இருவரும் உள்ளே இருந்து ஏதோ பேசினார்கள். ஓடிச் சென்றிருக்கலாம். எழுந்து கம்பிக் கதவுவரை போனேன். முதலாளி என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பினேன்.

அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில், மான் வேட்டைக் காலம் தொடங்கும் முன், ஐம்பது வயதுடைய ஒருவர் வந்து பழைய துப்பாக்கி ஒன்றை விலை கேட்டார். முதலாளியிடம் ஆங்கிலத்தில் பேசும்போது, நண்பர் ஒருவரின் துப்பாக்கி தமக்கு வரவேண்டியிருந்ததாகவும் வராமற் போனதாகவும் சொன்னார். வாங்க முடிவு செய்து, உரிம அட்டையோடு என் மேசைக்கு வந்தார். அட்டையிலிருந்த பெயர் எனக்கு முன்னரே தெரிந்த பெயர். துண்டுத் தாளில் பார்த்தது.

"இருங்கோ தம்பி," என்றேன் தமிழில்.

"அட, அக்கா தமிழா! சொல்லயில்லயே." பேச்சில் மட்டக்களப்பு தெரிந்தது. "இந்தக் கடையில தமிழாள் இருக்கிற எண்டு தெரிஞ்சா எங்கட அண்ணிய உங்களிட்டயே அனுப்பியிருப்பன். அவ வந்தவ. இங்க ஒரு கயானாப் பொம்புளதான் இருந்தவவாம். பாவம், அவக்கு ஒண்டும் விளங்கல்லயாம்."

தொலைபேசியில் அரசின் எண்ணை அழைத்திருந்தேன். காத்திருக்கும்படி சொல்லி இசை ஒலித்துக்கொண்டிருந்தது.

"அது நான்தான் தம்பி."

அவர் என்னைப் பார்த்தார்.

"விளங்கினதா?"

"எல்லாம் விளங்கினது."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆகவே கேட்காத கேள்விக்கு விடையாக, அன்று சொல்லவேண்டிய எல்லாவற்றையும் அவரிடம் சொல்லத் தொடங்கினேன். கட்டணம் எதற்கென்று, கடைப் பெயருக்குப் போவதன் பொருள் என்னவென்று, செலவின்றிச் செய்யும் வழி எதுவென்று. ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமற் கேட்டார்.

"வாத்தியார் வேலையா அக்கா பாத்தீங்க? வடிவா விளங்கப்படுத்துறீங்க," என்றார். குத்தலாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் குத்தல் இல்லை.

பிறகு, இறந்துபோன தம் நண்பரைப் பற்றிச் சொன்னார். இருவரும் மா குழைத்துப் பாண் போடும் ஒரே தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் இரவுமுறை வேலை பார்த்தவர்கள். ஆண்டுதோறும் ஒரு வாரம் வடக்கே வேட்டைக்குப் போவார்கள். "மான் விழுந்தது ரெண்டே ரெண்டு தரம்தான் அக்கா. மற்றதெல்லாம் மரத்தடியில இருந்து ரீ குடிச்சது. அண்ணன் துவக்க மடியில வெச்சிட்டு நித்திரை கொள்ளுவார். நான் மான் வந்தா எழுப்ப வேணும். எழுப்புறதுக்குள்ள அது போயிரும்."

அவர் சிரித்தார். பிறகு கேட்டார்: "பொலிசில எடுத்த துவக்க என்ன செய்வானுகள்?"

"அழிச்சுப்போடுவினம், தம்பி. இப்ப இராது."

"நானும் அப்பிடித்தான் நினைச்ச." மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி மறுபடி பூட்டினார். "அண்ணி இன்னும் அது அங்க பத்திரமா இருக்கெண்டு நினைச்சிட்டு இருக்கிறா. லைசென்ஸ் கொண்டு போய் எடுத்திட்டீங்களா எண்டு கிழமைக்குக் கிழமை கேக்கிறா. எடுத்திட்டன் எண்டு சொல்லத்தான் இத வாங்குற. வித்தியாசம் அவக்குத் தெரியாது."

இசை நின்று, மறுமுனையில் ஒரு குரல் அவருடைய உரிம எண்ணைக் கேட்டது. சொன்னேன். அவர் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"அக்கா, அவவ எங்கயாச்சும் கண்டா, நீங்க ஒண்டும் சொல்லிராதீங்க."

அன்று மாலையே அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பதென்று, அவருடைய மட்டக்களப்புப் பேச்சைக் கேட்ட முதல் நிமிடத்தில் நான் உறுதிகொண்டிருந்தேன். மல்வேர்னில் வீடு கண்டுபிடிப்பது கடினமன்று. தங்கையிடம் கேட்டாலே போதும். நான் துப்பாக்கிக் கடையில் நிற்பதை அந்தத் தங்கை அறிந்தால் அறியட்டும். ஆனால் மன்னிப்புக் கேட்பதானால் எதற்கு என்று சொல்லவேண்டும். சொன்னால், கணவருக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியதென்று அந்த அம்மா கொள்ளப்போகும் நம்பிக்கை என் சொல்லாலேயே உடையும். என் மனச்சுமை இறங்கும், அவருடையது ஏறும்.

"சொல்லமாட்டன்," என்றேன்.

தொலைபேசிக் குரல் குறிப்பெண்ணைச் சொன்னது. இலக்கம் இலக்கமாக எழுதினேன். ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். அவர் கையொப்பமிட்டார், துப்பாக்கி அவர் பெயருக்கு மாறியது.