ஒரு பக்கத்து வலி

யுத்த காலத்தில் நாங்கள் சாம்பல்தீவில் இருந்தோம். பல வருடங்களாகப் பிள்ளையில்லாமல், திருகோணமலை ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகளைப் போட்டுவந்தேன். ஒருமுறை மாதவிலக்குத் தள்ளிப்போனது. எனக்கும் கணவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சில நாட்களில் அடிவயிற்றின் வலப்பக்கம் குத்தத் தொடங்கியது. கொஞ்சம் இரத்தமும் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ்ஸில் குலுங்கி, சோதனைச் சாவடியில் இறங்கி நடந்தால் கரு கலைந்துவிடும் என்று பயந்து படுத்தே கிடந்தேன்.

ஒரு காலை வலி தோள்வரை ஏறி, கண் இருண்டது. கணவர் பஸ்ஸில் ஏற்றினார். சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். நிற்க முடியாமல் வயிற்றைப் பொத்தியபடி குந்திவிட்டேன். எதையோ ஒளிக்கிறேன் என்று நினைத்த சிப்பாய், துவக்கை நீட்டிச் சிங்களத்தில் கத்தினான்.

"கையை எடும்!" என்று கணவர் அழுதார்.

"ஏலாதப்பா..."

குச்சவெளியிலிருந்து அதே பஸ்ஸில் வந்த ஒரு முஸ்லிம் அம்மா கைகளை உயர்த்தியபடி முன்னே வந்து, சிங்களத்தில் விளக்கினார். "தங்கச்சி, பயப்படாதீங்க" என்று என் கைகளை மெல்ல விலக்கிக் காட்டினார். துவக்கு தாழ்ந்தது. அடுத்து வந்த லொறியில் எங்களை ஏற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது: கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கிய கரு, அந்தக் குழாயை வெடிக்க வைத்திருந்தது. சத்திரசிகிச்சையில்தான் பிழைத்தேன்.

"இது படுத்துக்கிடந்து காப்பாற்றக்கூடிய கரு இல்லையம்மா. குத்தத் தொடங்கின உடனே வந்திருக்க வேணும்" என்றார் டொக்டர்.

இப்போது எந்தப் பெண் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னாலும், வாழ்த்துச் சொல்லுமுன் வலி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். "ஓம்" என்றால், அவளோடு நானே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறேன்.