முத்திரைமேல் மஞ்சள்

இந்த நாட்டில் பரீட்சையில் ஒன்று வாங்கினால் கெட்டிக்காரி, ஐந்து வாங்கினால் பெயில். கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது, இன்னும் எனக்கு இது பழகவில்லை. கூடக்கூட நல்லது என்று வளர்ந்த புத்தி, ஒன்று புள்ளி மூன்று என்று பார்த்ததும் ஐயோ பாவம் என்கிறது. அப்புறம்தான் அது அந்தப் பிள்ளையின் வெற்றி என்று நினைவு வரும்.

நான் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் சேர்க்கைப் பிரிவில். அதைக் கேட்டு யாரும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தபால் பிரிப்பது, தாளில் குத்திய பின்னை எடுப்பது, ஸ்கேன் செய்வது, தபால் வண்டியைத் தள்ளிக்கொண்டு கட்டிடம் கட்டிடமாகப் போவது, இவ்வளவுதான். பின் ஒன்று விட்டுப்போய் ஸ்கேனர் மாட்டிக்கொள்ளுமோ, ஒருவருடைய தாள் இன்னொருவருடைய கோப்புக்குள் போயிருக்குமோ என்று வீடு திரும்புகிற வழியெல்லாம் பதறுகிறவள் நான். பதறாத நாள் வந்தால் எதையோ மறந்துவிட்டேன் என்று அதற்கும் பதறுவேன்.

உலகத்து மார்க் ஷீட் எல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது. முதலில், மாணவர் படித்த கல்லூரி இங்கே அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். அடுத்து எத்தனை வருடம் படித்தார்கள், என்னென்ன பாடம் என்று எண்ணுவார்கள். கடைசியில் ஒரு கணக்கு. மொத்த மதிப்பெண்ணிலிருந்து வாங்கியதைக் கழித்து, மொத்தத்திலிருந்து பாஸ் மார்க்கைக் கழித்து வருவதால் அதை வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்ட வேண்டும். நம் ஊரில் நூற்றுக்கு எண்பத்தைந்தும் அடுத்த நாட்டில் இருபதுக்குப் பதினேழும் அப்போதுதான் ஒரே தராசில் நிற்கும். அந்தக் கணக்கு எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

ஒரு ஜூலை மாதக் காலையில் கூரியர் பை ஒன்று வந்தது. அனுப்புநர் முகவரியைப் படிப்பதற்கு முன்பே கையெழுத்து தெரிந்துவிட்டது. உருண்டை உருண்டையாய், ஆங்கில எழுத்துக்கும் வால் நீட்டி எழுதுகிற என் அண்ணன் மாடசாமியின் எழுத்து. விண்ணப்பதாரர் பெயர் மா. கோமதி. அண்ணன் மகள்.

அந்த எழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். குற்றாலத்தில் எங்களுக்கு ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் கடை. பள்ளிக்கூடம் திறக்கிற அதே ஜூனில்தான் சாரலும் விழும், சீசனும் தொடங்கும். அருவியில் தண்ணீர் விழுந்தால் கடையில் கூட்டம் விழும், காய் சீவ ஆள் வேண்டும். அண்ணன் பஸ் ஏறித் தென்காசிக்குப் பள்ளிக்கூடம் போவான். எனக்குக் காய்ச்சல் என்று அப்பா சொல்லச் சொல்ல, லீவு லெட்டரை அவன் எழுதிக்கொண்டு போவான். வருடா வருடம் மூன்று மாதம் எனக்குக் காய்ச்சல். ஒன்பதாவதில் காலாண்டுப் பரீட்சை எழுதவே இல்லை. அரையாண்டில் ஐந்நூற்றுக்கு இருநூற்றுப் பதினைந்து. பத்தாவது தொடங்கிய வருடம் சாரல் முந்திக்கொண்டது. நான் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை.

அண்ணன் படித்தான், அரசாங்க வேலைக்குப் போனான். இப்போது அவன் மகள், நான் வருடக்கணக்காகத் தபால் பிரிக்கிற கட்டிடத்துக்குள் படிக்க வரப்போகிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெஞ்சுக்குள் எண்ணெய் காய்ந்ததுபோல் இருந்தது. கோமதி நல்ல பிள்ளை, என்மேல் பிரியமாக இருப்பவள். அதனால் ஒன்றும் குறையவில்லை.

பைக்குள் இன்னொரு கவர். மதிப்பெண் பட்டியலைக் கவரில் போட்டு ஒட்டி, மடிப்பின்மேல் படிக்க வைத்த பல்கலைக்கழகமே கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தர வேண்டும். அது கலைந்திருந்தால் இங்கே ஏற்கமாட்டார்கள். கோமதியின் கவரில் நான்கு மூலையிலும் மஞ்சள். ஒட்டிய இடத்தில், சரியாக முத்திரையின்மேல், ரூபாய்க் காசு அகலத்துக்கு மஞ்சளும் அதன் நடுவில் குங்குமமும். ஈரத்தில் முத்திரை மை கரைந்து ஓடி, மடிப்பு லேசாக உப்பியிருந்தது. ஆவி காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டியதுபோலவே இருந்தது.

அதிகாரி ஃப்ராவ் லிண்ட்னர், நம் ஊர்க் கணக்கில் திருமதி லிண்ட்னர், கவரை விளக்கடியில் பிடித்தார். விரலை முகர்ந்தார். "இது சாப்பாடா?" என்று கேட்டார். "உங்கள் பக்கத்துக் கவர்தானே, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். தெரிந்தும், "இந்தியா பெரிய நாடு" என்றேன்.

அதையே ஒரு விளக்கமாக எடுத்துக்கொண்டு அவர் தலையசைத்தார். கவர் சிவப்புத் தட்டுக்குப் போனது. சந்தேகத் தட்டு. புதிய கவர் கேட்டு ஒரு கடிதம் போகும். கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஊரில் விண்ணப்பித்து, அலைந்து, வாங்கி அனுப்புவதற்குள் இந்த வருடம் போய்விடும். ஒரு வருடம்தானே என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். எனக்கு எத்தனை வருடம் போனது?

மதிய இடைவேளையில் சுவரைப் பார்த்து என் அரையாண்டு மதிப்பெண்ணுக்குக் கணக்குப் போட்டேன். நூற்றுக்கு நாற்பத்து மூன்று, பாஸ் மார்க் முப்பத்தைந்து. மூன்று புள்ளி ஆறு வந்தது. நான்கு வரைக்கும் இங்கே பாஸ். மூன்று மாதம் காய் சீவிவிட்டு வந்து எழுதியும் நான் பாஸ். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அந்தத் தாளைச் சுக்கலாகக் கிழித்தேன்.

சாயங்காலம் கோமதியின் அம்மாவான என் மதினிக்குப் போன் போட்டேன்.

"மதினி, கோமதி என்ன செய்தா?"

"அவளா, வீட்டுலதான் கெடக்கா. போனே கதின்னு இருக்கா."

"மேல படிக்க எங்கயும் போடலயா?"

மிக்ஸி ஓடுகிற சத்தம் நின்றது. "போட்டிருக்கா. அங்கன இங்கன போட்டிருக்கா."

"அங்கனன்னா எங்கன மதினி? நான் இருக்க ஊர்லயா?"

"கோவிச்சுக்கிடாத செல்வி. உங்க அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னாக. அவளுக்கு என்னத்தத் தெரியும், ஒம்பதாவதோட நின்னவ, கவர் கிழிக்க வேலதான பாக்கா, சொன்னா வீணாப் பதறிக்கிட்டுக் கெடப்பான்னாக. பொறகு, கண்ணு பட்டுரக் கூடாதுல்லா." ஒரு நொடி விட்டு, "உன்னச் சொல்லலட்டீ!" என்றார்.

"சரி மதினி."

"பண்பொழி மலைக்குப் போயி, கோமதி அத்தன படியும் வெறுங்காலோட ஏறினா பாத்துக்கோ. கவர முருகன் பாதத்துல வச்சு எடுத்தோம். நான்தான் மூலைக்கு மூலை மஞ்ச வச்சேன். ஒட்டுன எடத்துல மட்டும் கொஞ்சம் தாராளமா வச்சேன். வழியில எவனும் பிரிச்சுரக் கூடாதுல்லா!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போனை வைத்தேன்.

மறுநாள் நான் உண்மையைச் சொன்னேன். மனசு இளகிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். 'அவளுக்கு என்னத்தத் தெரியும்' என்ற பேச்சு காதை விட்டுப் போகவில்லை. அந்தக் கவரைப் பற்றி இந்தக் கட்டிடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கோமதி வந்தால் என் சொல்லால் வரட்டும் என்று தோன்றியது. இதுவும் பொறாமைதான், வேறு பக்கத்திலிருந்து.

வெறும் வாய்ப்பேச்சை நம்பமாட்டார்களே என்று என் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் போனேன். அதன் நான்கு மூலையும் மஞ்சள், நானே வைத்தது. ஃப்ராவ் லிண்ட்னர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எல்லாக் காகிதத்துக்குமா?"

"கல்யாணப் பத்திரிகை, ஹால் டிக்கெட், புது பைக், எல்லாவற்றுக்கும்."

"முத்திரை மேலேயுமா?"

"அங்கேதான் அதிகமாக."

"நேற்றே ஏன் சொல்லவில்லை?"

"என் அண்ணன் மகள்" என்றேன். உறவினர் என்பதால் நான் தயங்கிவிட்டேன் என்று அவராகவே புரிந்துகொண்டு, "நேர்மையானவர் நீங்கள்" என்றார். முகம் சுட்டது.

கோப்பு வேறு அதிகாரிக்கு மாறியது. நான் அதைத் தொடக்கூடாது என்றார்கள். உள்ளிருந்த பட்டியலை ஸ்கேன் செய்து ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சரிதானா என்று கேட்டார்கள். நான்காம் நாள் சரி என்று பதில் வந்தது. கடைசித் தேதிக்குள் கவர் ஏற்கப்பட்டது. ஆகஸ்டில் மதினி போன் செய்து, "முருகன் கண்ணத் தொறந்துட்டான் செல்வி! எடம் கெடச்சிட்டு!" என்று அழுதார். அலுவலக விஷயத்தை வெளியில் பேசக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால், "அப்படியா மதினி" என்றேன். முருகன்மேலும் கொஞ்சம் பொறாமை வந்தது.

கோமதி அக்டோபரில் வந்தாள். என் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு மாணவர் விடுதிக்குப் போனாள். "அத்தை, ஒங்க ஆபீஸ் எங்கன இருக்கு?" என்று கேட்டாள். "பின்பக்கம்" என்றேன்.

நவம்பரில் ஒருநாள் இயற்பியல் கட்டிடத்துக்குத் தபால் கொண்டு போனேன். செயலாளர் அறைக்குப் பக்கத்தில் பெரிய வகுப்பு. வெளியே வந்த ஒரு மாணவி, நானும் உள்ளே போகத்தான் நிற்கிறேன் என்று எண்ணிக் கதவைத் திறந்து பிடித்தாள். மறுக்கத் தெரியாமல் வண்டியைத் தள்ளினேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கதவு வண்டிமேல் சாய்ந்து நின்றது.

மூன்றாவது வரிசையில் கோமதி. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பலகையில் ஏதோ வரைந்திருந்தார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சாய்ந்த பெஞ்சும், பேனாக்கள் ஓடுகிற சத்தமும் மட்டும் விளங்கின. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நடைபாதைக் குளிர் என் பின்னாலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. கதவோரம் இருந்த பையன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டான்: "உள்ளே வருகிறீர்களா, வெளியே போகிறீர்களா?"

தபால் வண்டியின் முன்சக்கரங்கள் வகுப்புக்குள் இருந்தன. பின்சக்கரங்களும் நானும் நடைபாதையில் இருந்தோம்.