ரெண்டு கதவு போதும்

என் அக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலையில் குழந்தைகளை ஏற்றி இறக்கி, சாயங்காலம் மறுபடியும் ஏற்றி இறக்கியே அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பஸ் அக்கா என்று கேட்டால் தெருவுக்குத் தெரு கை நீட்டி வீட்டைக் காட்டுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் அவளுக்கு வேறு வேலை வெட்டி கிடையாது என்று குடும்பத்தில் நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம்.

பஸ் இல்லாத நேரத்தில் வேன். ஏழு பேர் உட்காரக்கூடிய பழைய வேன் ஒன்று வைத்திருந்தாள். அம்மாவை முட்டி வலிக்கு டாக்டரிடம் கூட்டிப் போவது, தம்பி பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விடுவது, என் தையல் கடைக்குத் துணி மூட்டை கொண்டுவருவது, யாராவது விமானத்தில் வந்தால் முன்னாடியே போய் வாசலில் நிற்பது, எல்லாம் அவள்தான். கூப்பிட்டால் வந்துவிடுவாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள் தம்பி வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வேனை விற்கப் போகிறேன் என்றாள்.

"வித்துட்டு?" என்றான் தம்பி.

"ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். ரெண்டு கதவு. பழசுதான்."

"அதுல அம்மா எப்படிக்கா ஏறுவாங்க?"

"ஏற முடியாது."

"பசங்க?"

"பின்னாடி பேருக்கு ஒரு சீட் இருக்கு. கைப்பை வைக்கலாம். ஆள் உக்கார முடியாது."

"அப்புறம் எதுக்கு அந்த வண்டி?"

"அதுக்குத்தான்," என்றாள் அக்கா. "யாரும் ஏற முடியாதுன்னுதான் வாங்கறேன்."

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் பாரமாயிட்டேன்னு நேராவே சொல்லேன்டி" என்று ஆரம்பித்து, மூக்கை உறிஞ்சி, சாப்பாட்டு மேஜையையே ஒரு வழி பண்ணிவிட்டாள். அக்கா சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனாள். அந்த இடைவெளியில் தம்பி என்னைச் சமையலறைக்குள் இழுத்தான்.

"வண்டி பாக்கப் போறப்போ நீயும் கூடப் போ. ஏதாவது ஒரு குறை கண்டுபிடிச்சு வேண்டாம்னு சொல்ல வெச்சுடு. உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே."

அவன் சொன்னதில் தப்பில்லை. நொட்டை சொல்வது எனக்குப் பிறவிக் குணம். போகிறேன் என்றேன். வேன் போய்விட்டால் என் துணி மூட்டையை யார் இழுப்பது? மனதில் அதுவும் இருந்தது, மறைப்பானேன்.

விற்கிறவர் ஒரு பல் டாக்டர். வீட்டில் கைக்குழந்தை வந்துவிட்டது, குழந்தை சீட் அந்தக் காரில் பொருந்தாது, அதனால் விற்கிறாராம். கரும்பச்சை நிறம், தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது கார். அக்கா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஓர் ஆசையை அவள் முகத்தில் நான் கண்டதே இல்லை. எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

ஆனால் ஆசை வேறு, வேலை வேறு. பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். அடியில் துரு இருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தாள். டயரை உள்பக்கமும் வெளிப்பக்கமும் தடவி, ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். கதவு இடுக்குகளில் விரலை ஓட்டினாள். மிதியடியைத் தூக்கி ஈரம் பார்த்தாள். பஸ் எடுக்கும் முன்னால் தினமும் இப்படித்தான் சுற்றி வருவாளாம். நான் என் பங்குக்கு, சீட்டில் கீறல் இருக்கிறது, உள்ளே ஏதோ வாடை அடிக்கிறது என்றேன்.

"உன் வாசனைத் தைல வாடைடி அது," என்றாள் அக்கா.

கடைசியில் பானெட்மேல் உள்ளங்கையை வைத்தாள். "சூடா இருக்கே, டாக்டர்?"

"நீங்க வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்மா."

"சரி, ஓட்டிப் பாக்கறேன். அப்புறம் ஆறட்டும். சூட்டுல சில கோளாறு வெளில தெரியாது. ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் பேச்சு."

ஓட்டினாள். முதல் திருப்பத்திலேயே எனக்கு உயிர் போய்விட்டது. பின்னால் நீளமாக ஒரு பஸ் வருகிற நினைப்பில், எதிர் ஓரம் வரைக்கும் அகலமாக வளைத்துத் திருப்பினாள். ஓட்டுவதோ இத்தனூண்டு கார். எதிரே வந்தவர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். "பழக்க தோஷம்," என்று அக்கா சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். மற்றபடி வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. பிரேக், கியர், ஸ்டீயரிங் எதிலும் என்னால் ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்து நிறுத்தினோம். டாக்டர் குழந்தையைப் பார்க்க உள்ளே போய்விட்டார். கார் ஆறுவதற்காக நாங்கள் இரண்டு பேரும் அவர் வீட்டு மதில் நிழலில் உட்கார்ந்தோம். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. அக்காவோடு ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை.

"எங்க மேல கோவமாக்கா?"

"கோவமில்லடி. அலுப்பு. ஒரு தடவை எல்லாருமா கடலுக்குப் போனோமே. நீங்கள்லாம் தண்ணில இறங்கிட்டீங்க. வேனை நிறுத்த இடம் தேடிச் சுத்திட்டு நான் வந்து சேந்தப்போ, கிளம்பலாம்னீங்க. நான் காலைக்கூட நனைக்கல."

எனக்கு அந்தக் கடல் ஞாபகம் இருந்தது. அவள் கால் நனைக்காதது ஞாபகத்தில் இல்லை.

"இது கிடைக்கலேன்னா நான் இன்னொண்ணு தேட மாட்டேன்," என்றாள். "என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அம்மா ஒரு தடவை முட்டியைப் பிடிச்சாப் போதும், நான் பழையபடி வேன் சாவியை எடுத்துடுவேன். அதோட சரி."

வெயில் தாழ்ந்ததும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. டாக்டர் வந்து பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். ஒரே முறையில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. அக்கா தலையை ஆட்டினாள், முகமெல்லாம் பூரிப்பு.

எனக்கு மட்டும் கேட்டது. உள்ளுக்குள் எங்கேயோ கடகட, கடகட என்று மெல்லிசாக ஒரு சத்தம். நாள் முழுக்கத் தையல் மெஷினோடு கிடக்கிறவள் நான். ஊசி கொஞ்சம் வளைந்தாலே சத்தத்தில் தெரிந்துவிடும். எது சரியான சத்தம், எது கோளாறு என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

காலையில் இது கேட்டிருந்தால் குதித்திருப்பேன். இப்போது சொன்னால் அவள் ஆசை அதோடு போச்சு. சொல்லாவிட்டால் நடுரோட்டில் நிற்பாள், குடும்பமே கைதட்டிச் சிரிக்கும். டாக்டர் என் கண்ணைப் பார்க்காமல் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உள்ள ஏதோ ஆடுது."

"ஒண்ணும் ஆடலையே."

"கடகடங்குது. கேளு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பூரிப்பெல்லாம் வடிந்துவிட்டிருந்தது. "நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா? சமையலறைல அவன் உன் காதைக் கடிச்சதை நான் பாத்தேன்டி."

"அதுக்குத்தான் வந்தேன். இல்லேங்கல. ஆனா இது நிஜமாவே கேக்குதுக்கா. சத்தியமா." எனக்கு அழுகை வந்துவிட்டது. "உனக்குக் கேக்கலையா?"

அவள் எஞ்சின் பக்கம் ஒரு காதைத் திருப்பினாள், பிறகு மறு காதை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷக்கணக்காக எஞ்சின் பக்கத்திலும் அத்தனை பிள்ளைகளின் கூச்சலிலும் உட்கார்ந்து அவள் காதில் மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டிருக்கிறது. வேலைக்கான பரிசோதனையில் எப்படியோ தேறி வந்திருக்கிறாள். எங்களிடம் மூச்சு விடவில்லை.

விறுவிறுவென்று பையைத் துழாவி நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்தாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்குகள் அப்படிச் செய்வார்களாம். நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு குனிந்தாள். என்னைப் பொய்யாக்கத்தான் குனிந்தாள். குனிந்தபடியே அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

"எஞ்சினுக்குள்ள ஓடற செயின் தளந்துடுச்சு," என்றாள்.

"கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும்மா," என்றார் டாக்டர். "தினமும் அப்படித்தான்."

"அதான் சூடு பண்ணி வெச்சீங்களா?"

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

வேனில் திரும்பி வந்தோம். "அந்த வண்டி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சுடி," என்றாள் அக்கா ஒரு சிக்னலில். அடுத்த சிக்னலில், "விடு, வேனே இருக்கட்டும்," என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம், அவள்மேல் இல்லை, எங்கள் எல்லார்மேலும்.

தம்பி தன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தான். "என்ன, வேண்டாம்னு ஆயிடுச்சா? நல்லதாப் போச்சு. அப்போ ஞாயித்துக்கிழமை அம்மாவை..."

அக்கா கையிலிருந்த வேன் சாவியைப் பிடுங்கி அவன் சட்டைப் பையில் போட்டேன். "நீ கூட்டிட்டுப் போ. வேனை நீ வாங்கிக்கோ. லைசென்ஸ் வெச்சுக்கிட்டு பூஜையா பண்றே? என் மூட்டையையும் வாரம் ஒரு தடவை கொண்டுவந்து போடு."

"என்னது? எனக்கு டிராஃபிக்ல ஓட்டினா..."

"பழகும்," என்றேன். உள்ளேயிருந்து அம்மா என்னவோ சொன்னாள். "முட்டியைப் பத்தி உன் பிள்ளைகிட்ட சொல்லும்மா," என்று அதற்கும் ஒரு போடு போட்டேன். அக்கா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேருமாக வண்டி பார்க்கக் கிளம்பினோம். அவள் அடியில் படுத்துப் பார்ப்பாள், நான் காதைக் கொடுப்பேன். ஆறின எஞ்சின் இல்லாத இடத்தில் நாங்கள் உள்ளேயே நுழையவில்லை. வேண்டாம் என்று எத்தனையோ வண்டிகளைத் தள்ளினோம். கடைசியில் வெளிறிப்போன நீலத்தில் ஒன்று கிடைத்தது. கதவில் நீளமாக ஒரு கோடு, ஆனால் உள்ளே தப்பாக ஒரு சத்தமும் இல்லை. நான் கேட்டேன், அவளும் ஸ்குரூடிரைவர் வைத்துக் கேட்டாள்.

அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று, கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டையும் மாட்டிக்கொண்டேன். முதல் சவாரி எனக்கில்லாமல் வேறு யாருக்கு? அக்கா ஸ்டார்ட் செய்தாள். ஆனால் வண்டியை நகர்த்தவில்லை.

"இறங்குடி," என்றாள்.

"என்னக்கா?"

"கோவிச்சுக்காதே. நான் தனியா போகணும்."

"எங்க?"

"தெரியாது. இத்தனை வருஷத்துல காலி வண்டியை ஓட்டினேன்னா, அது டிப்போவுக்குத் திரும்பறதுக்குத்தான்."

சுருக்கென்று இருந்தது எனக்கு. இவளுக்காக எவ்வளவு அலைந்தேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெல்ட்டைக் கழற்றி, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் கை நீட்டி, நான் இறங்கின பக்கத்துக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.