ரோஜா நிற மூக்கு

எண்பதுகளின் கடைசி. கல்யாணமாகி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த புதிது. புகைப்படத்தைப் பார்த்து ஆயில் பெயின்டில் படம் வரைந்து கொடுப்பேன்.

கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தார். ராணுவத்தில் இருக்கும் தன் கணவர் வெள்ளை நாயை அணைத்து நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொடுத்தார். நாய் செத்துப்போனது கணவருக்கு இன்னும் தெரியாதாம்.

"லீவுல வந்ததும் வெறும் வாசலப் பாத்து நின்னுருவாவக்கா. கலர்ல வரஞ்சு குடுங்க."

புகைப்படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி உருவத்தை வரைந்தேன். முதலில் நிழல், பிறகு வெளிச்சம் என்று வண்ணம் ஏற்றுவேன். கண்ணை மட்டும் கடைசியில்தான் திறப்பேன். கணவர் வர இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பெண் பார்க்க வந்தார்.

"அவிய முகம் அச்சு அசலா இருக்கு. ஆனா இது எங்க நாயி இல்லக்கா."

மூக்குக்குக் கறுப்பு அடித்திருந்தேன். ராஜபாளையம் நாய்க்கு மூக்கு ரோஜா நிறமாம்! அந்த ஜாதி நாயை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை வண்ணப் பெட்டியோடு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். தெருநாயைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போகிறவள் நான். விசாரித்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், வெள்ளை நாய் ஒன்று சங்கிலி அறுந்துவிடும்போல் குரைத்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டார்.

"வெளியாளக் கிட்ட விடாதும்மா. நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க செத்த நேரம் உக்காந்து பாருங்க."

செத்த நேரம் மத்தியானம் வரை நீண்டது. வெயிலில் நாயின் தலையை மடியில் வைத்து, அதன் காதோடு ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். மூக்கு, கண்ணோரம், காதின் உட்புறம் எல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான ரோஜா நிறம். நானும் கலந்து கலந்து பார்த்தேன். கடைசியில், படத்தில் அந்தப் பெண்ணின் கணவர் உதட்டுக்குக் கலந்த அதே வண்ணத்தில் கொஞ்சம் வெள்ளை சேர்த்ததும் பிடிபட்டது. அன்றைக்கு அவர் வேலைக்கே போகவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து கறுப்பைச் சுரண்டிவிட்டு மூக்கை வரைந்து முடித்தேன். மறுநாள் காலையிலேயே அந்தப் பெண் வந்து படத்தை வாங்கிப்போனார்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தார்.

"படத்தப் பாத்ததும் மூக்கத் தொட்டுட்டாவக்கா. வெரலெல்லாம் பெயின்டு."

வண்ணம் காய்ந்திருக்கவில்லை. கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறேன் என்றேன்.

"வேண்டாமாம். அவிய வெரல் தடம் அதுலயே இருக்கட்டும்னு சொல்லிட்டாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. படத்தின் கீழே என் பெயர் இருக்கிறது. ராஜபாளையத்துக்காரரின் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றாமல் வந்துவிட்டேன். இன்றும் அந்த ரோஜா நிறத்தைக் கலக்கும்போதெல்லாம், மனதுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொடுகிறேன்.